உப்பளத்தில் முளைக்கும் மாயம்: எழுத வருவோர் கேள்வி–பதில்

மாயப்புனைவு எழுதுகிறவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: பார்த்துப் பழகிய வாழ்க்கையை இல்லாத உலகத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது?

அப்பாவும் அம்மாவும் உப்பளத் தொழிலாளிகள். பள்ளி விடுமுறையில் நானும் உப்பு வாரியிருக்கிறேன். கடலரசி, மந்திர உப்பு என்று ஒரு கதை எழுதினேன். படித்தவர்கள், "உப்பளம் வருகிற பக்கங்கள் நன்றாக இருக்கின்றன, மந்திரம் வருகிற பக்கங்கள் சினிமா மாதிரி இருக்கின்றன" என்கிறார்கள். இரண்டையும் எப்படி ஒட்டுவது?
– வாசகி, தூத்துக்குடி

ஒட்டப் பார்த்ததால்தான் தையல் தெரிகிறது. உங்கள் கதையில் உப்பளம் பின்னால் தொங்கும் படுதாவாக இருக்கிறது. கடலரசி வேறெங்கிருந்தோ வந்து அதற்கு முன்னால் ஆடுகிறாள். உப்பு எப்படி விளைகிறதோ அந்த வரிசைக்குள்ளிருந்தே மந்திரம் கிளம்பட்டும்.

முதலில் மந்திரமே இல்லாமல் இரண்டு பக்கம் எழுதுங்கள். ஒரு நாள் வேலை, நடக்கிற வரிசையில். எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், வெயில் ஏறுவதற்குள் எதை முடிப்பார்கள், பாத்தியில் இறங்கும்போது காலில் எந்த இடம் முதலில் எரியும், வெள்ளை வெளிச்சத்தில் கண்ணை எப்படி இடுக்குவார்கள். வர்ணனை வேண்டாம். செயல்கள் மட்டும்.

அடுத்து, தண்ணீரின் பயணத்தை எழுதுங்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரியில் உள்ளே வருகிறது (இது சூடு அல்ல, நீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் போமே அளவு). பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறுகிறது. வழியிலேயே ஜிப்சம் அடியில் படிந்துவிடுகிறது. 25 டிகிரி வாக்கில் உப்பு உட்காரத் தொடங்கும். 29, 30ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். அதனால் மிச்ச நீரை வெளியே திறந்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். இவையெல்லாம் உங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு. கதைக்கு வேண்டிய சட்டதிட்டம் அத்தனையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். எடுத்துக்காட்டுக்கு: உப்பு விளையும் நேரத்தில் பாத்திக்கரையில் யார் என்ன பேசினாலும் அது உப்பில் தங்கிவிடும், அந்த உப்பைப் போட்டுச் சமைத்துச் சாப்பிடுகிறவர் காதில் கேட்கும். இதை வைத்துக்கொண்டு மூன்று தலைப்பில் குறிப்பு எழுதுங்கள்: உடம்பு, காசு, அதிகாரம்.

உடம்பு: வேலை நேரத்தில் யாரும் வாய் திறக்க முடியாது, எல்லாம் சைகைதான். இருமல்காரருக்கு வேலை கிடையாது. கைக்குழந்தைக்காரி வர முடியாது. காசு: பேச்சே விழாத உப்புக்கு விலை அதிகம். தாலாட்டு விழுந்த உப்புக்குத் தனி விலை. சண்டை விழுந்த உப்பு கருவாட்டுக்குப் போகும். அதிகாரம்: கூலி உயர்வு பற்றித் தொழிலாளிகள் கரையில் பேசினால் அது ஊர் ஊராகப் போய்ச் சேரும், ஆகவே முதலாளிக்குப் பயம். அரசனிடம் உப்பை நக்கிப் பார்த்து ஒட்டுக்கேட்கச் சம்பளக்காரர்கள் இருப்பார்கள்.

இனி டிகிரிக்கு வாருங்கள். 25க்கு முன் பேசியவை ஜிப்சத்தோடு அடியில் இறங்கி யார் காதிலும் விழாமல் கிடக்கும். 29க்குப் பின் பேசியவை கசப்பு நீரோடு வெளியேறும். அப்படியானால் யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத பேச்செல்லாம் அந்தக் கழிவு வாய்க்காலில்தானே ஓடும்? இறந்துபோன தாயின் குரலைத் தேடுகிற பெண் எங்கே போய் நிற்பாள் என்று யோசியுங்கள். கதை அங்கே கிடக்கிறது. கடலரசிக்கு வேலையே இல்லை, அவரை அனுப்பிவிடலாம்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, தெரிந்ததையெல்லாம் கொட்டுவது. முப்பது விவரம் கையில் இருந்தாலும் 3,000 சொல் கதைக்கு ஐந்தாறு போதும். "25 டிகிரியில்" என்று கதைசொல்லி பாடம் நடத்தக்கூடாது. நீரின்மேல் மெல்லிய ஏடு கட்டுவதைப் பார்த்து உங்கள் நாயகி சட்டென்று வாயை மூடிக்கொண்டால் வாசகருக்குப் புரிந்துவிடும். இரண்டு, நடுவில் சிக்கல் வந்ததும் இன்னொரு மந்திரத்தை இறக்குவது. பேசும் உப்போடு பறக்கும் மீனும் வந்தால் வாசகர் உப்பை நம்புவதையும் நிறுத்திவிடுவார்.

என் கதையில் அரசனின் தூதன் ஒரே இரவில் 300 கிலோமீட்டர் குதிரையில் போகிறான். நண்பர் சிரிக்கிறார். மந்திரம் இருக்கிற உலகத்தில் இதைக்கூட ஒத்துக்கொள்ளக்கூடாதா?
– வாசகர், திருநெல்வேலி

அந்தக் குதிரை மந்திரக் குதிரை என்று முன்பே சொல்லியிருந்தால் நண்பர் சிரித்திருக்க மாட்டார். சாதாரணக் குதிரை என்றால் சாதாரணக் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். எதை மாற்றினோம் என்று சொல்லிவிட்டால், மாற்றாத மற்றதெல்லாம் நம் உலகம் மாதிரியே இருக்கும் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

கையோடு வைத்துக்கொள்ளச் சில அளவுகள்: சுமை தூக்கி நடப்பவர் நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர். மாட்டுவண்டி மணிக்கு 3, 4 கிலோமீட்டர். மாடுகளுக்கு ஓய்வு விட்டு நாளைக்கு 20, 25. ஒரே குதிரையில் நாள்தோறும் போவதானால் 50, 60. நாலுகால் பாய்ச்சலில் சில கிலோமீட்டரிலேயே குதிரைக்கு நுரை தள்ளிவிடும்.

அமெரிக்காவில் 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை ஓடிய 'போனி எக்ஸ்பிரஸ்' குதிரைத் தபால் சுமார் 3,100 கிலோமீட்டரைப் பத்து நாள் வாக்கில் கடந்தது. அதாவது இரவு பகலாக நாளைக்கு 310. அதற்கு 15 முதல் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையத்தில் குதிரை மாற்றினார்கள். ஓட்டுபவரையும் வழியில் மாற்றினார்கள். உங்கள் தூதன் அதைவிட இரு மடங்கு வேகத்தில், ஆளும் குதிரையும் மாறாமல் போகிறான். தூரத்தை 60 ஆகக் குறையுங்கள். இல்லையென்றால் ஓர் இரவை ஒரு பகலும் ஓர் இரவுமாக்கி, வழியெல்லாம் லாயம் வையுங்கள். லாயம் என்றால் அங்கே புல் அறுக்க ஆள் உண்டு, நடுராத்திரி எழுந்து குதிரையை அவிழ்த்துத் தரும் பையன் உண்டு. உண்மையில் தூதனைவிட அந்தப் பையன் சுவாரசியமானவன்.

படை நடத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒரு யானைக்கு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். நூறு யானைப் படை என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். 15 டன் தழைக்கும் 10,000 லிட்டர் தண்ணீருக்கும் தினமும் யார் போவது? அந்தப் படை இரண்டு நாள் தங்கிய ஊரின் குளமும் தோப்பும் என்ன ஆகும்? படையெடுப்பை ஊர்க்காரர் கண்ணால் எழுதினால் போர்க்களமே தேவைப்படாது.

நிலவையும் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் தூதன் கிளம்பும் நள்ளிரவில் கிழக்கே மூன்றாம் பிறை உதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பிறை பொழுது சாய்ந்ததும் மேற்கில் தெரிந்து சீக்கிரமே மறைந்துவிடும். நள்ளிரவில் உதிக்க வேண்டுமானால் தேய்பிறை அஷ்டமி வாக்கில் அரை நிலா.

அனுபவம் எங்கே என்று கேட்கிறீர்களா? திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருப்பீர்கள், அல்லது போய்வந்தவர் வீட்டில் இருப்பார். கொப்புளம் எந்த விரலில் வருகிறது, இரண்டாம் நாள் காலை முதல் நூறடி எப்படி இருக்கிறது, வழியில் மோர் கொடுப்பவர்களிடம் என்ன பேசுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ராஜ்ஜியத்தின் சாலைக்கும் அது பொருந்தும்.

அம்மாவும் அப்பாவும் 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். நான் ஸ்கார்பரோவில் பிறந்தவள். அதை நேரடியாக எழுத எனக்குத் துணிவில்லை, நான் அங்கே இருக்கவும் இல்லை. அரக்கர்கள் ஒரு ராச்சியத்தின்மேல் படையெடுப்பதாக மாற்றி எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கே பிழை விட்டேன்?
– வாசகி, டொராண்டோ

ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப்பெயர் கொடுத்திருக்கிறீர்கள். இவர் அவர், இந்த நகரம் அந்த நகரம். வாசகர் விடுகதையை அவிழ்ப்பதுபோல் அவிழ்க்கிறார். அவிழ்ந்ததும் பாத்திரங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதோடு 'அரக்கர்' என்று போட்டுவிட்டால் பிறவியிலேயே கெட்ட இனம் ஒன்று உண்டு என்றாகிவிடுகிறது. போருக்குக் காரணம் கேட்கவே வேண்டியதில்லை. இது நடந்ததற்கும் நியாயமில்லை, கதைக்கும் நல்லதில்லை.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மாயப்புனைவை எழுதிய டோல்கீன், முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர். அகழிக் காய்ச்சலோடு அந்த நவம்பரில் இங்கிலாந்து திரும்பினார். தன் கதையை உலகப் போரின் உருவகமாக வாசிப்பதை அவர் ஏற்கவே இல்லை. ஆனால் அதில் வரும், பிணங்கள் நீருக்குள் கிடக்கும் சதுப்பு நிலத்துக்கு, சோம் சண்டைக்குப் பிந்திய வட பிரான்ஸ் ஓரளவு காரணம் என்று 1960இல் ஒரு கடிதத்தில் எழுதினார். போர் ஆள் மாற்றி வரவில்லை, சேறாக வந்தது.

ஆகவே அம்மாவிடம் "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் செய்தி வாசிப்பதுபோல்தான் பதில் சொல்வார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காணி உறுதி (நிலப் பத்திரம்) யாருடைய பையில் இருந்தது? சைக்கிளில் எதைக் கட்டினார்கள், எதை அவிழ்த்துப் போட்டார்கள்? ஆட்டை அவிழ்த்து விட்டார்களா? பங்கருக்குள் யார் எந்த மூலை? கதவைப் பூட்டியது யார், திறப்பு (சாவி) இப்போது எங்கே?

திறப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மட்டும் கை வையுங்கள்: உங்கள் உலகத்தில், பூட்டிய வீடு தன் திறப்பைத் தேடி வரும், நாளைக்கு ஒரு சாண். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாண் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர்; முப்பது ஆண்டில் வீடு இரண்டரைக் கிலோமீட்டர் வந்திருக்கும். இன்னும் கடலைக்கூடத் தாண்டியிருக்காது. வழியில் அது யாருடைய வயலுக்குள் நிற்கிறது? கூடவே வர முடியாத கிணறு என்ன ஆனது? இப்போது அதற்குள் வேறு யாரும் குடியிருந்தால், தினமும் ஒரு சாண் நகர்கிற வீட்டில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? திறப்பைக் கடலில் எறிந்துவிடலாமா என்று ஒருநாள் அப்பா கேட்டால் அம்மா என்ன சொல்வார்? நீங்கள் அங்கே இல்லாதது இந்தக் கதையில் குறையாகத் தெரியாது, ஏனென்றால் இது ஸ்கார்பரோவில் காத்திருப்பவர்களின் கதை.

ஒன்று மட்டும் கண்டிப்பு: மந்திரத்தால் இறந்தவரை எழுப்பாதீர்கள். இழந்தவர்கள் வாசிக்கிறபோது அது மலிவாகத் தெரியும். இறந்த உறவினர் பெயரை அப்படியே போடுவதற்குமுன் வீட்டில் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். கதை ஒன்றும் கெட்டுப்போகாது.

என் பழைய மேலாளரை அரக்கனாக வைத்து எழுதிப் பழிதீர்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

எழுதலாம், அடையாளம் தெரியக்கூடாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தெரிந்தவர்கள் வாசித்து "இது அவர்தான்" என்று சொல்ல முடிந்தால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. இந்தியாவில் அது உரிமையியல் வழக்காகவும் வரலாம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் குற்ற வழக்காகவும் வரலாம். கொம்பு வைத்துவிட்டதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்.

எழுத்து முறைப்படி பார்த்தாலும் இதுவே நல்லது. அவர் செய்த அநியாயம் ஒன்றை மட்டும் எடுங்கள். விடுப்பு மறுத்தது என்றே வைத்துக்கொள்வோம். முகம், ஊர், வயது, பேச்சுப் பாணி நான்கையும் கழற்றிவிடுங்கள். வேறொருவரின் கையசைவை, இன்னொருவரின் சிரிப்பைப் பொருத்துங்கள். பிறகு அரக்கன் பக்கத்து நியாயத்தை, அவன் வாயால், அரைப் பக்கம் எழுதுங்கள். விடுப்பு மறுக்கும் அரக்கனுக்கு மேலே கணக்குக் கேட்கும் இன்னோர் அரக்கன் இருப்பான். எழுதி முடித்ததும் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்; அது கதைக்கு ஆதாயம். முழுக் கோபத்தோடு எழுதுகிற வில்லன் ஒரே ஒரு முகபாவத்தோடு கடைசிவரை நிற்பான்.

எங்கள் பக்கத்துச் சுடலைமாடனையும் இசக்கியையும் நாயகப் பாத்திரங்களாக வைத்து, மேலைநாட்டு சூப்பர் ஹீரோ பாணியில் தொடர் எழுத ஆசை. சரிப்படுமா?
– வாசகர், நாகர்கோவில்

எழுதுகிறவரின் உரிமை. ஆனால் நல்ல பண்டத்தை வீணாக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தத் தெய்வங்களின் பலம் பறப்பதிலோ அடிப்பதிலோ இல்லை. கொடுக்கல் வாங்கல் ஒழுங்கில் இருக்கிறது. என்ன நேர்ந்துகொண்டார்கள், எந்தக் கொடை விழாவில் தீர்ப்பதாகச் சொன்னார்கள், படப்பில் (படையலில்) என்ன வைக்க வேண்டும், வில்லுப்பாட்டில் எந்தக் கட்டம் வரும்போது சாமியாடிக்கு அருள் வரும், கணக்குத் தவறினால் யாரிடம் வந்து கேட்கும், எல்லை எதுவரை. இந்த ஒழுங்கை வைத்து நீங்களே ஒரு புதுத் தெய்வத்தை உண்டாக்குங்கள். ஐந்து கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்: யாருக்காக நிற்கிறது, என்ன கேட்கும், எதைத் தொடாது, எந்த எல்லையைத் தாண்டாது, பாக்கி வைத்தால் என்ன செய்யும்.

இன்னொரு காரணமும் உண்டு. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் தெய்வமாக நிற்கும் கோயில்கள் உங்கள் பகுதியில் பல. ஒரே பெயர் என்றாலும் கோயிலுக்குக் கோயில் கதை வேறு. ஒரு குடும்பத்தின் துக்கமோ குற்ற உணர்ச்சியோ அதில் கலந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட கோயிலின் கதையை எடுப்பதானால் அதை வழிபடுகிறவர்களிடமும், பாடுகிற புலவரிடமும் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதற்குமுன் அனுமதி கேளுங்கள். சில பகுதிகளைக் கொடை நடக்கும்போது தவிர வெளியே பாட மாட்டார்கள்.

கற்பனை ராஜ்ஜியத்தில் எல்லோரும் செந்தமிழ் பேச வேண்டுமா? எனக்கு வருவது கொங்குப் பேச்சுதான்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

கொங்குப் பேச்சே பேசட்டும். கூடாதது கலவைதான்: அரசரும் நாயகியும் இலக்கணச் சுத்தமாகப் பேச, சமையல்காரரும் காவலாளியும் மட்டும் வட்டார வழக்கில் பேசிச் சிரிப்பு மூட்டுவது. உங்கள் ஊர்ப் பேச்சை நீங்களே வேலைக்காரப் பேச்சாக்கிவிடுகிறீர்கள். ராணி, "ஏனுங் அமைச்சரே, வரி வந்துருச்சுங்களா?" என்று கேட்டால் முதல் பக்கத்தில் வாசகர் சிரிப்பார், நான்காம் பக்கத்தில் பழகிவிடுவார், பத்தாம் பக்கத்தில், அந்த 'ங்' இல்லாமல் ராணி பேசினால் கோபமாக இருக்கிறாள் என்று புரிந்துகொள்வார். செந்தமிழில் இந்த வசதி கிடையாது. கதைசொல்லியின் நடையை எளிய எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெளியூர்க்காரர் திணறுவார்கள்.

முறைப்பெயர்களையும் முன்கூட்டி முடிவு செய்யுங்கள். உங்கள் உலகத்தில் மாமன் மகளைக் கட்டுவது உண்டா? இல்லையென்றால் 'மாமா', 'அத்தை' என்ற சொற்களுக்கு நம் ஊரில் இருக்கும் பாதி அர்த்தம் காணாமல் போகும். அதற்கேற்ப வசனம் மாறும்.

மாயம் எந்தப் பக்கத்தில் தலைகாட்ட வேண்டும்?
– வாசகர், சென்னை

3,000 சொல் சிறுகதை என்றால் முதல் 300 சொல்லுக்குள் ஒரு சாடையாவது விழ வேண்டும். நாவலில் முதல் அத்தியாயம் முடிவதற்குள். முழு விளக்கம் தேவையில்லை, இந்த உலகம் கொஞ்சம் வேறு என்று தெரிந்தால் போதும். நடுவழியில் முதன்முறையாகப் பேய் வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். மந்திரத்தின் விலையும், அதாவது அதைப் பயன்படுத்துகிறவர் எதை இழக்கிறார் என்பதும், பாதிக் கதைக்குள் தெரிந்துவிட வேண்டும். முடிவில் முதன்முதலாகச் சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும்.

எல்லாம் கனவு என்று கதையை முடிக்கலாமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். இந்த மாதம் வந்த கதைகளிலேயே நான்கு பேர் விழித்துக்கொண்டுவிட்டார்கள்.